வீட்டு வண்டி

“டாக்ஸிக்காரங்க ஓட்டற வண்டியாச்சே இது” என்று சொல்லாமல் அந்த ஷோரூமிலிருந்து ஒரு குடும்பமும் படியிறங்கிப் போனதில்லை. சிலர் வாய்விட்டே சொல்லிவிடுவார்கள். சிலர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டிக்கியைத் திறந்து மூடி, “நல்லாத்தான் இருக்கு...” என்று இழுப்பார்கள். அந்த இழுவையை வைத்தே ஆள் திரும்பி வருவாரா மாட்டாரா என்று அவள் சொல்லிவிடுவாள்.

அவள் அங்கே வண்டி விற்பவள். புது வண்டியின் சாவியை வாங்குகிறவர் கையில் கொடுத்து, அவர்களோடு போட்டோவுக்கு நிற்பதும் அவள் வேலையில் சேர்த்தி என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளைச் ‘சாவி மேடம்’ என்பார்கள். சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்தாள். போகப்போக, எங்கே பார்க்கிறார்கள் என்று கவனிக்கப் பழகினாள். மைலேஜ் கேட்கிறவர் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பார். எஞ்சினின் பலத்தைப் பற்றி அரை மணி நேரம் அளக்கிறவர் கடைசியில் நிறத்தில் வந்து மாட்டிக்கொண்டு முழிப்பார். கூட வந்த மனைவி பின் சீட்டில் ஏறி, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடிச் சாய்ந்து பார்ப்பாள். கதவைத் திறந்து திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்கிறவர்களுக்குக் கணக்கே இல்லை. அமுங்கி விழுந்தால் முகம் மலரும். தகரம் மாதிரி ஒலித்தால் வாட்சைப் பார்ப்பார்கள்.

அங்கே விற்கிற கம்பெனியின் வண்டிகளில் தெருவை நிறைத்தது ஒன்றுதான். கூரை வளைந்து பின்பக்கம் இறங்குகிற வாட்டத்துக்காக ஜனங்கள் அதை ‘ஆமை’ என்றார்கள். கம்பெனி வைத்த பெயர் விளம்பரத்தோடு நின்றுவிட்டது. ஆமைக்கு வயிறு பெரிது, தீனி கொஞ்சம். ஒரு குடும்பத்தின் பெட்டி படுக்கை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு டிக்கி மூடும். எஞ்சின் நடுவழியில் காலை வாராது. இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் டாக்ஸிக்காரர்கள். ஒருத்தர் வாங்கி, அவரைப் பார்த்து ஒன்பது பேர் வாங்கி, ரயில் நிலையத்து வாசலில் ஆமைகளாகவே வரிசை கட்டி நின்றன. அதோடு குடும்பக்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

“காய்ச்ச மரத்துலதானே கல்லு விழும்” என்பாள் அவளுடைய நாத்தனார். “கெட்ட வண்டியா இருந்தா அத ஒருத்தனும் சீந்தியிருக்க மாட்டான், கம்பெனி மானமும் தப்பிச்சிருக்கும்.”

நாத்தனார் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிற வேலை. மீதி வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். இரண்டு அறை வீட்டில் ஒன்றைத் தையல் மிஷினும் ரெக்ஸின் சுருள்களும் பிடித்துக்கொண்டிருந்தன. சமையலறையில் குழம்பு கொதித்தாலும் வீட்டுக்குள் நுழைகிறவர் மூக்கில் முதலில் ஏறுவது ரெக்ஸின் வாசனைதான். தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் அவள்தான் அதட்டி மேய்த்தாள். அவர்களும் அவளை “அக்கா” என்று கூப்பிட்டு அடங்கித்தான் இருந்தார்கள்.

அந்தத் தம்பியும் ஆமைதான் வைத்திருந்தான். டாக்ஸி ஸ்டாண்டில் அவனுக்கு ‘நிதானம்’ என்று பேர். மஞ்சள் விளக்கு விழுந்தாலே நிறுத்திவிடுவான், தேவையில்லாமல் ஹாரன் அடிக்கமாட்டான். “நிதானம் ஆமை வாங்கிட்டானாம்டா, இனிமே ரயில் போனப்புறந்தான் ஸ்டேஷன் போய்ச் சேருவான்” என்று ஸ்டாண்டே சிரித்தது. அவனும் கூடச் சிரித்தான். சிரிக்கத்தானே செய்வான். பாதி ஆயுசை அடுத்தவன் வண்டியில் கழித்தவன். முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூட வாசலிலும், முதலாளியம்மாவுக்காகத் துணிக்கடை வாசலிலும் காத்துக் கிடந்தவன். சொந்த வண்டி வந்த அன்று சாயங்காலம் ஷோரூம் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றான். அவள் ஓடி வந்து, “என்னங்க, சவாரிக்குப் போகலையா?” என்றாள்.

“அடுத்தவங்க பொண்டாட்டிக்காகக் காத்திருந்தது போதும். இனிமே என் பொண்டாட்டிக்காகக் காத்திருக்கறேன்.”

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. கடை விளக்குகளைப் போடும் நேரத்துக்கு அவன் வந்துவிடுவான். எதிர்க்கடை டீயை வாங்கி மெல்ல உறிஞ்சிக்கொண்டு நிற்பான். அவள் முன்சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, நாள் முழுக்க ஹீல்ஸில் நின்ற காலைத் தேய்த்துக்கொள்வாள். அக்கா தைத்துப் போட்ட பழுப்பு நிற உறை முதுகுக்கு இதமாக இருக்கும். அன்றைக்கு வந்த சவாரிகளின் கூத்தை அவன் சொல்ல, வண்டி பார்க்க வந்தவர்களின் கூத்தை அவள் சொல்ல, வீடு வந்ததே தெரியாது.

அந்தக் கோடையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான். வெடுக்கென்று பேசமாட்டாள், டீ கொண்டுவருகிறவரிடம்கூட நன்றி சொல்வாள். விற்பனைக்காரர்களை எல்லாம் மாடியில் உட்காரவைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டினாள்.

“ஊர் ஊரா போய் ஆயிரக்கணக்கான பேர்கிட்ட கேட்டிருக்கோம். ஆமை நல்ல வண்டியான்னு கேட்டா எல்லாரும் ஆமாங்கறாங்க. நீங்க வாங்குவீங்களான்னா, இல்லங்கறாங்க. ஏன்?”

ஆளாளுக்கு நோட்டைப் புரட்டினார்கள். சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

“ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும்” என்றாள் அந்தப் பெண். “வண்டி வாங்கறவர் அதுல ஏறிப் போறதுக்காக வாங்கறதில்ல. நாலு பேர் பார்க்க அதுலேர்ந்து இறங்கறதுக்காக வாங்கறார். மச்சினன் வீட்டு வாசல்ல இறங்கறப்போ, டாக்ஸியில வந்தானோன்னு ஒரு செகண்ட் மச்சினனுக்குத் தோணினா போச்சு. எல்லாம் போச்சு.”

உண்மைதான் என்று பட்டது அவளுக்கு. பத்து வருஷமாகத் தான் கண்ணால் பார்த்ததை இந்தப் பெண் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாளே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

ஆமைக்குப் புது முகம் வரப்போகிறது, புதுச் சின்னம், கனமான கதவு. டாக்ஸிக்கென்று அதே உடம்பில் வேறு பெயரோடு, கம்பெனிச் சின்னம் இல்லாமல் ஒன்று செய்து, ஷோரூமுக்குப் பின்னால் தனியாக விற்பார்கள். ‘டாக்ஸி’ என்ற சொல் இனி ஷோரூமுக்குள் ஒலிக்கக்கூடாது. வருகிறவரே கேட்டால், ‘அது வேற, இது வேற’ என்று சிரித்த முகத்தோடு சொல்லி, கையோடு கதவைத் திறந்து மூடிக் காட்டவேண்டும். ஷோரூம் வாசலில் ஒரு டாக்ஸிகூட நிற்கக்கூடாது.

கடைசியில் சொன்னதைக் கேட்டபோது இரண்டு மூன்று தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் குனிந்து பேனாவை மூடினாள்.

சாயங்காலம் வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றவில்லை.

“என்னங்க, நாளையிலேர்ந்து பின்பக்கமா வந்து நிக்கறீங்களா?”

“ஏன், வாசல்ல குழி தோண்டறாங்களா?”

“இல்ல. டாக்ஸி எதுவும் முன்னாடி நிக்கக்கூடாதாம். உங்களுக்குன்னு இல்ல. எல்லாருக்குந்தான்.”

அவன் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்தான். வழி விட்டான். “பின்பக்கம்னா? வண்டி கழுவற எடத்துக்குப் பக்கத்துலயா?”

“ம்.”

“அங்க நெழல் உண்டு. நல்லதுதான்” என்றான்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தபோது அவனே அக்காவிடம் சொன்னான், வேடிக்கை மாதிரி. அக்கா பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு, “அவங்க வித்த வண்டிய அவங்களே பின்கட்டுல ஒளிச்சு வைக்கறாங்களா? மருமகள அழகுன்னு கூட்டிக்கிட்டு வந்து, விருந்தாளி வந்தா அறைக்குள்ள போட்டுப் பூட்டற கதையால்ல இருக்கு” என்றாள்.

“விடுங்கக்கா. அவங்க தொழிலு” என்றான் அவன்.

“உன்னைக் கேக்கல. உன் பொண்டாட்டிய கேக்கறேன்.”

“நான் என்னக்கா பண்ணட்டும்? சொன்னதச் செய்யத்தானே சம்பளம்” என்றாள் அவள். அதுவும் உண்மைதான். அக்கா மேலும் கிண்டவில்லை. இன்னொரு கரண்டி சோற்றைத் தம்பி தட்டில் போட்டாள்.

புது ஆமை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் நின்றபோது அழகாகத்தான் இருந்தது. ஜனங்கள் வந்தார்கள். “அது வேற, இது வேற” என்பதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னாளோ, நாக்கில் தழும்பேறிவிட்டது. மற்றவர்களைவிட அவள்தான் அதிகம் விற்றாள். ஒரு வண்டி விற்றால் மேனேஜர் அறை வாசலில் தொங்கும் மணியை அடிக்கவேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அவளுக்கு அந்த மணி பிடித்திருந்தது. பிடித்ததில் தப்பென்ன, உழைத்துத்தானே அடித்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகல். ஷோரூமில் ஈரக் குடைகளுக்காக வாளி வைத்திருந்தார்கள். தரையைத் துடைக்கிறவர் துடைத்துக்கொண்டே இருந்தார். வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. காவலாளி தடுக்க ஓடுவதற்குள் கனத்த உடம்போடு ஒருவர் இறங்கினார். டைல்ஸ் மொத்த வியாபாரி என்று பிற்பாடு தெரிந்தது. அவர் நனையாமல் குடை பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவருடைய தோல்பையோடு படியேறி வந்தது நிதானம்.

அவள் பார்த்துவிட்டாள். அவனும் பார்த்தான். உடனே தரையைப் பார்த்துக்கொண்டான். சவாரியோடு வந்திருக்கிறான், தன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. மேனேஜர் அறையிலிருந்து எழுந்து வந்து நின்றார். பெரிய ஆள் வந்தால் அவர் வருவதுண்டு.

வியாபாரிக்கு வண்டி பிடித்துப்போயிற்று. சுற்றி வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், சின்னத்தை விரலால் தடவினார். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“எல்லாம் சரிம்மா. நான் வந்த டாக்ஸியே இதானே? இத வாங்கி என் வீட்டு வாசல்ல நிறுத்தினா, எவனாவது பெட்டியோட ஏறி உக்காந்து, ஸ்டேஷனுக்கு விடுப்பாம்பான்.”

கூட இருந்த விற்பனைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “அது வேற சார், இது வேற” என்று ஆரம்பித்தாள். உலோகத்தின் கனம், உள்ளே சத்தம் வராமல் வைத்திருக்கும் பஞ்சு, சின்னம், குடும்பங்களுக்கென்றே யோசித்துச் செய்தது எல்லாவற்றையும் சொன்னாள். அட்சரம் பிசகவில்லை. நனைந்த சட்டையோடு தூணோரம் நின்ற ஆளை மட்டும் பார்க்கவில்லை.

வியாபாரிக்கு இன்னும் சமாதானமாகவில்லை. “விக்கறவங்க அப்படித்தான் சொல்லுவீங்க” என்று சொல்லிவிட்டு, தூண் பக்கம் கையைக் காட்டினார். “ஏம்பா, தினம் ஓட்டறவன் நீ. நீ சொல்லு. ரெண்டும் ஒண்ணா, வேறயா?”

நிதானம் நிமிர்ந்தான். முதலில் அவளைத்தான் பார்த்தான். கேட்கிற பார்வைதான். என்ன சொல்லட்டும் என்று கேட்டது. அந்த ஒரு நொடியில் அவளுக்கு எத்தனையோ வழி இருந்தது. ‘சார், இவர் என் வீட்டுக்காரர்’ என்று சொல்லியிருக்கலாம். பேச்சை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். சும்மா தலையையாவது அசைத்திருக்கலாம். மேனேஜர் பின்னால் நிற்கிறார் என்பது மட்டும் அவள் முதுகுக்குத் தெரிந்தது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வேறதாங்க” என்றான் அவன். “எங்களுது கூலிக்கு ஓடற வண்டி. அத இதோட சேத்துப் பேசலாமா? இது வீட்டு வண்டிங்க.” சொல்லிவிட்டு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, புது ஆமையின் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களே, அதே மாதிரி. “சத்தத்துலயே தெரியுதுங்களே.”

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். “பேசத் தெரிஞ்ச ஆளா இருக்கியே” என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவன் கையில் திணித்தார். அவன் வாங்கிக்கொண்டான். அவளைப் பார்த்து, “நான் வெளிய நிக்கறேன் மேடம்” என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

மணியை அவள்தான் அடித்தாள்.

அன்று சாயங்காலமும் அவன் பின்பக்கம் வந்து நின்றான். மழை விட்டிருந்தது. கொஞ்ச தூரம் போனபிறகு அவள் கேட்டாள், “ஏங்க மேடம்னு கூப்பிட்டீங்க?”

“அங்க வேற எப்படிக் கூப்பிட?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் அவனே கதையை அவிழ்த்தான். அந்த வியாபாரி மாதிரியே தொந்தியைத் தள்ளி நடித்துக் காட்டினான். கதவைத் திறந்து மூடியதை நடித்தான். அக்கா சிரிக்கவில்லை. மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

“நீ என்ன சொன்னே?”

“நான் ஒண்ணும் சொல்லலக்கா.”

“அதத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி மிஷினை மிதித்தாள்.

சண்டை வந்திருந்தால் தேவலை. அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதாவது ஒரு சாக்கில், குழம்பில் உப்பில்லை, சட்டைக்குப் பொத்தானில்லை என்றாவது அது வெடிக்கும், தானும் அழுது தீர்த்துவிடலாம் என்று பார்த்தாள். வெடிக்கவேயில்லை. முன்பைவிட அன்பாகத்தான் இருந்தான். அவள் கால் வலிக்கிறது என்றால் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். ஆனால் சவாரிக் கதைகள் நின்றுவிட்டன. கேட்டால், “ஏறினாங்க, எறங்கினாங்க. வேறென்ன?” என்பான். வண்டியைத் துடைப்பதும் குறைந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஈரத்துணியோடு வண்டியைச் சுற்றி வருகிறவன், இப்போது வைப்பரைப் போட்டுத் தூசியைத் தள்ளிவிட்டுக் கிளம்பினான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கம்பெனி இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. தெருவில் ஓடும் பழைய ஆமை டாக்ஸிகளை நல்ல விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கொடுக்கிறவர்களுக்குப் புதுப் பெயர் டாக்ஸியில் முன்னுரிமை. எடுத்ததை மறுபடி விற்கமாட்டார்கள், பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். ஆமை என்றால் ஜனங்களுக்கு டாக்ஸி ஞாபகம் வரக்கூடாது, அவ்வளவுதான் கம்பெனிக்கு வேண்டியது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “அன்னைக்கு மழையில வந்தாரே, அவர் உங்க வீட்டுக்காரராமே. எனக்கு இப்பதான் யாரோ சொன்னாங்க. என்ன அருமையா பேசினார்” என்றார். “ஸ்டேஷன் ஸ்டாண்டுல அவருக்கு நல்ல மரியாதையாம். அவர் ஒருத்தர் குடுத்தா, பின்னாடியே பத்து பேர் வருவாங்க. வீட்ல சொல்லிப் பாருங்களேன்.”

“சொல்றேன் சார்” என்று எழுந்து வந்தாள். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மேனேஜர் முகத்தைப் பார்த்தால் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றிருக்கும், வீட்டுக்கு வந்தால் நாளைக்கு என்றாகிவிடும். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் பின்பக்கப் பட்டறையிலிருந்து கணக்குப் பார்க்கிற பெண் வந்து, “மேடம், உங்க வீட்டுக்காரர் பின்னாடி இருக்கார்” என்றாள். இந்த நேரத்தில் ஏன் என்று ஓடினாள். வண்டி கழுவுகிற இடத்தைத் தாண்டி, வேலி போட்ட மண் தரையில் ஏழெட்டு ஆமைகள் நின்றன. கடைசியில் நின்றது அவர்களுடையது. பட்டறை ஆள் பானெட்டின்மேல் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார். நிதானம் டேஷ்போர்டிலிருந்த துணி, டார்ச், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னங்க இது?”

“ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க. உன் பொண்டாட்டி கடையில எடுத்துக்கறாங்களாமே, உனக்குத் தெரியாதான்னு கேட்டானுங்க.”

“நான் குடுக்கச் சொல்லலியே.”

“சொல்லல. சொல்ல முடியாம ஒரு மாசமா சோத்த அளஞ்சிட்டிருக்கியே, பாக்க முடியல.”

“எனக்காகக் குடுக்காதீங்க. எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. நான் மேனேஜர்கிட்ட பேசிக்கறேன்.”

அவன் பையின் வாயைச் சுருட்டினான். பட்டறை ஆள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். “உனக்காக மட்டும் இல்ல” என்றான். “அன்னைக்கு அந்தாளு முன்னாடி அப்படிச் சொன்னதுலேர்ந்து இதுல ஏறி உக்காந்தா கூச்சமா இருக்கு. சோறு போட்டத வாயால தள்ளிவிட்டுட்டு, மறுபடி அதே ஸ்டீரிங்கப் புடிக்கறேன். கை வரமாட்டேங்குது.”

அவள் வண்டிக்குள் பார்த்தாள். “அக்கா தெச்ச உறையாவது...”

“கேட்டேன். வேணாம்னுட்டாங்க. உடுப்ப உருவிட்டு அனுப்பாதேடான்னாங்க.”

புதுப் பெயர் டாக்ஸி எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. வந்தாலும் வேண்டாம் என்றுவிட்டான். கொஞ்ச நாள் வீட்டிலிருந்தான். அக்காவுக்கு ரெக்ஸின் பிடித்துக்கொடுத்தான், குழாயைப் பழுது பார்த்தான். பிறகு ஸ்டாண்டில் பழகிய ஒருத்தர் மூலமாகத் தூரத்து ஊரில் ஒரு சிமென்ட் ஆலையில், தொழிலாளிகளை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது. தங்குகிற இடமும் அவர்களே கொடுப்பார்களாம்.

“இங்கயே ஏதாவது பாக்கலாமே” என்றாள் அவள்.

“இங்க ஆமைய ஓட்டின ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். அங்க போனா சும்மா டிரைவர்” என்றான். பெட்டியை அக்கா கட்டிக் கொடுத்தாள்.

மாதம் ஒரு தடவை வருவதாகச் சொல்லிப் போனவன் முதல் மாதம் வந்தான், இரண்டாம் மாதம் வரவில்லை. ஆள் குறைவு, லீவு இல்லை என்று போனில் சொன்னான். அவள் தன் வார விடுமுறையில் பஸ் ஏறினாள். அக்கா முட்டைகளை வேகவைத்து, ரொட்டியோடு டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். “போய்ப் பாத்துட்டு வா. கூட்டிட்டு வரணும்னு போகாதே. வந்தா வருவான்.”

அந்த ஊரில் மரத்து இலையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ஆலைச் சுவரை ஒட்டி டிரைவர்கள் தங்கும் நீளமான அறை. இரும்புக் கட்டில்கள், ஆணிகளில் காக்கிச் சட்டைகள், மூலையில் ஒரு ஸ்டவ். அவன் இளைத்திருந்தான். தலைமுடியில்கூடச் சிமென்ட்டா நரையா என்று தெரியாத வெளுப்பு. அவளைக் கண்டதும் முகம் அப்படி மலர்ந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான்.

“டேய், எழுந்திருங்கடா. இவங்கதான் என் வீட்டுக்காரம்மா” என்றான். படுத்திருந்த இரண்டு பேர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்கள். “சொல்லுவேனே, பெரிய கார் ஷோரூம்ல வேலைன்னு. எப்பேர்ப்பட்ட ஆளு வந்தாலும் பேசி மடக்கிடுவா. வாங்கமாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன்கூட சாவியோடதான் திரும்பிப் போவான். அங்க மணி ஒண்ணு உண்டு. அத இவ அடிச்ச மாதிரி எவனும் அடிச்சதில்ல.”

“தெரியும் அண்ணி. தினம் உங்க புராணந்தான் இங்க” என்றான் ஒருத்தன். “எங்களுக்கும் ஒண்ணு தள்ளுபடியில பாத்துக் குடுங்க. ஓட்டறதுக்கு இல்ல, பின்சீட்டுல உக்காந்து பாக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதைத் துண்டால் தட்டி அவளை உட்காரவைத்தார்கள். வழியில் போன ஒரு மேஸ்திரியைக்கூட அவன் விடவில்லை. கூப்பிட்டு நிறுத்தி, “என் சம்சாரம்” என்று காட்டினான். அவள் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவன் சோறு வடித்தான், பருப்பு வைத்தான், அக்கா கொடுத்த முட்டைகளை எல்லோருக்கும் பங்கிட்டான். அவள் தட்டை அவனே கழுவி வைத்தான்.

பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் தனியாக இருந்தார்கள். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அவன் அவளைச் சாலையின் உள்பக்கமாக நடக்கவிட்டான்.

“நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்” என்றாள்.

“என்னத்த?”

“இவர் என் வீட்டுக்காரர்னு.”

அவன் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றான். “சொல்லியிருந்தா அந்தாளு வண்டி வாங்கியிருக்கமாட்டான்.”

“வாங்காம போகட்டும்.”

“அன்னைக்கு அப்படித் தோணுச்சா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தோணல” என்றாள்.

“அப்பறம் என்ன? எனக்கும்தான் தோணல. நாக்கு தானா சொல்லிடுச்சு. எத்தன முதலாளிய பாத்தது? அவங்க மனசுக்கு ஏத்தத சொல்லிச் சொல்லிப் பழக்கம்” என்றான். “உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அத நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காதே.”

“வந்துடுங்க. வேற ஏதாவது வண்டி பாக்கலாம்.”

“பாக்கலாம்” என்றான்.

அந்தச் சொல்லை அவள் தினமும் கேட்கிறவள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறவர்களை வாசல்வரை போய் வழியனுப்புகிறவள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. அவன் முன்னால் ஏறி, கண்டக்டரிடம், “என் சம்சாரம். ரொம்ப தூரம் போறாங்க. ஜன்னலோரமா ஒரு எடம் பாத்துக் குடுங்க” என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கினான். பஸ் கிளம்பும்வரை கீழேயே நின்றான். கிளம்பியதும் கையைத் தூக்கிக் காட்டினான். புழுதி வந்து மறைத்தது.

பக்கத்தில் மடியில் துணிப்பையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். “ஏத்திவிட வந்தவரு யாரும்மா?” என்று பேச்சுக் கொடுத்தாள்.

“என் வீட்டுக்காரர்.”

“என்ன வேலை பண்றாரு?”

“இங்க ஆலை பஸ் ஓட்டறார். முன்னாடி டாக்ஸி வெச்சிருந்தார். சொந்த டாக்ஸி.”

“ஓ” என்றாள் அந்த அம்மாள். அதோடு முடிந்திருக்கவேண்டிய பேச்சு. அவளால் நிறுத்த முடியவில்லை. அது என்ன வண்டி என்று சொன்னாள். அதன் டிக்கியில் எவ்வளவு சாமான் பிடிக்கும், மேட்டில் எவ்வளவு சுளுவாக ஏறும், இவர் கையில் இருந்தவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்று சொன்னாள். ஸ்டாண்டில் அவருக்கு என்ன பேர், ஏன் அந்தப் பேர் என்று சொன்னாள். சாயங்காலமானால் எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு தனக்காகக் காத்து நிற்பார் என்றாள். அந்த அம்மாள் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தாள். ஊர் தாண்டி, வெயில் சாய்ந்து, காற்று சில்லென்று வீச ஆரம்பித்ததும் ‘ம்’ குறைந்தது. தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் விழுந்தது.

தூங்குகிறவளை எழுப்பிவிடாமல் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வந்தாள்.